வழக்கமாகப் போடுகிற நாலு வரி

"வாங்க, அஞ்சலி அக்கா!"

அச்சுக்கடைத் தம்பி என்னை இப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவனுக்குச் சின்னக் கடை. கல்யாணக் கார்டு, பேனர், கோயில் ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்பான். தமிழ்ப் பத்திரிகைக்கு விளம்பரம் சேர்த்து அனுப்புகிற முகவரும் அவன்தான். அன்பாகத்தான் கூப்பிட்டான். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவள் நான். பரிசு வாங்கி, மேடையேறி, மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்தவள். கடைசியில் எனக்கு மிஞ்சிய பட்டம் இது.

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலேசியாவில் ஒருவர் இறந்துபோனால் காரியம் முடிந்ததோடு விட்டுவிட மாட்டார்கள். வருஷா வருஷம் பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும். நடுவில் படம், ஒரு பக்கம் தோற்றம், இன்னொரு பக்கம் மறைவு, அதன் கீழே கவிதை மாதிரி நாலு வரி, அடியில் மனைவி மக்கள் பெயர். போடாவிட்டால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். "என்னா, அப்பாவ மறந்துட்டீங்களா?" என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள்.

என் அம்மா தவறியபோது அந்த நாலு வரியை நானே எழுதினேன். படித்தவர்களெல்லாம் அழுதார்களாம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மேல்மாடி வீட்டுக்காரர் மாமனாருக்குக் கேட்டார். என் வீட்டுக்காரரோடு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர் தன் தம்பிக்குக் கேட்டார். திருவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "பக்தர்கள் வரிசையில் வரவும்" என்று ஊரையே அதட்டிய ஒரு பெரியவர் போனபோது, "உங்கள் கணீர்க் குரல் கேட்காத வீட்டில் கண்ணீர் மட்டுமே பேசுகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். அது ரொம்பப் பிரபலமாகிவிட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதை எழுதியபோது எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

கதை எப்போது நின்றது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு நாள் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அது குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி குறைந்தது. ஒரு அப்பாவைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே அவர் பாசத்தின் சிகரம் ஆகிவிடுவார். ஒரு மருமகளை எழுதினால் அவள் குலவிளக்கு. அழிப்பேன். மறுபடியும் எழுதுவேன். மறுபடியும் அதே ஆட்கள், அதே பல்லைக் காட்டும் நல்லவர்கள். கணினியை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவுவேன். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் மின்னின.

சுற்றியிருப்பவர்கள் செய்த உதவி இருக்கிறதே, அது தனிக் கொடுமை. என் வீட்டுக்காரர் ஒரு மேசை வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்து, அவரே உட்கார்ந்து முடுக்கி, மிஞ்சிய நாலு திருகாணியைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, "இனிமே உக்காந்து எழுதுலா" என்றார். அந்த மேசையில் நான் எழுதியதைவிட அதிகமாகத் துணிதான் மடித்திருப்பேன். அவர் வேலை விட்டு வந்ததும், கடிதாசி வர வேண்டியிருக்கிற மாதிரி, "வந்துச்சா?" என்பார். வரவில்லை என்று தலையாட்டுவேன். கோலாலம்பூரில் இருக்கும் மகள், "கம்ப்யூட்டர்கிட்ட கேளும்மா, இப்ப அதுவே எழுதிக் குடுக்குது" என்றாள். ஆத்திரத்தில் ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். அது எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். அச்சு அசல் என் அஞ்சலி மாதிரியே இருந்தது.

பத்திரிகையின் ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர் முன்பெல்லாம் மாதம் ஒரு முறை, "கதை ஒன்று அனுப்புங்களேன்" என்று தகவல் அனுப்புவார். பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வாழ்த்து வந்தது. பிறகு அதுவும் இல்லை. அவர் நச்சரித்தபோது சலித்துக்கொண்டவள், அவர் நிறுத்தியதும் அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் வரவே வராதோ என்ற பயம். அதை யாரிடம் சொன்னாலும், "ரெஸ்ட் எடுங்க, தானா வரும்" என்றார்கள். எனக்கென்ன சளியா பிடித்திருக்கிறது, தானாகப் போக?

இந்த நிலைமையில்தான் பூக்கடை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

நான் வேலை செய்வது லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில், கணக்குப் பிரிவில். கீழே இறங்கி நாலு கடை தள்ளி நடந்தால், கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் அந்த அக்காவின் பூக்கடை. ஒரு மேசை, ஒரு குடை, தண்ணீர் வாளிக்குள் சாமந்தியும் ரோஜாவும். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரிடம்தான் பூ வாங்குவேன். பழக்கமென்றால் அவ்வளவுதான். முழம் என்ன விலை, மழை வரும்போல இருக்கிறதே, பசியாறியாச்சா என்பதற்கு மேல் பேசியதில்லை.

அன்றைக்குப் பூவைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, கொஞ்சம் நில்லு" என்றார். "அவருக்கு வருஷம் வருது. மவன் சிங்கப்பூர்லேந்து போன் பண்ணான். பேப்பர்ல பெருசா போடணுமாம்."

அவர் கணவர் போன வருஷம் இறந்தது எனக்குத் தெரியும். லாரி ஓட்டியவர். வேலையிலிருந்து நின்ற பிறகு கடைக்குப் பக்கத்திலேயே நடமாடிக்கொண்டிருப்பார்.

"எழுதித் தரேங்க்கா, கவலைப்படாதீங்க."

"நீ எழுதித் தருவ. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"ஏன்க்கா?"

"நீ எல்லாரையும் நல்லவங்களா எழுதிப்புடுவ. நான்தான் படிக்கிறேன்ல. போன மாசம் ஒருத்தனுக்கு எழுதியிருந்தியே, அன்பின் ஊற்றுன்னு. அவன் எனக்குத் தெரிஞ்சவன். பெத்த அம்மாவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுத்ததில்ல, அவன் ஊத்தாம் ஊத்து!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"இங்க பாரு. கீழ என் பேரு வருது. என் பேருக்கு மேல பொய் வரக்கூடாது. திட்டவும் கூடாது, புள்ளைங்க மனசு கஷ்டப்படும். ஆனா பொய் மட்டும் வேணாம்."

"அண்ணன் எப்படிப்பட்டவருக்கா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. எல்லாரும் "தங்கமானவர்" என்பார்கள்.

"என்கிட்ட பேச மாட்டாரு" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை.

"மவ கல்யாணம் முடிஞ்ச கையோட பேச்ச நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல. மவன் வீட்டுல இருந்தப்ப, 'உங்கம்மாகிட்ட சொல்லு, கேஸ் முடிஞ்சிருச்சி'ம்பாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன். மவன் சிங்கப்பூர் போனப்புறம் அதுவும் இல்ல."

"அடிப்பாரா?"

"ச்சேச்சே. கை நீட்டுனதே இல்ல. குடியும் கெடையாது. சம்பளத்த அப்படியே சாமி மாடத்துல வச்சிருவாரு. பேச மாட்டாரு, அவ்வளவுதான். அந்தக் கோப்பிக் கடையில உக்காந்து மத்தவங்களோட சிரிச்சிப் பேசுவாரு பாரு, அது இங்க வரைக்கும் எனக்குக் கேக்கும்."

இதைச் சொல்லும்போதும் அவர் கை நிற்கவில்லை. ஒரு பூ வைத்து ஒரு முடிச்சு, ஒரு பூ வைத்து ஒரு முடிச்சு. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

ஒப்புக்கொண்டேனே தவிர, வரவில்லை. நாலு வரி. எத்தனை பேருக்குச் சோறு வடிக்கிற நேரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! இப்போது அந்த மேசையில் உட்கார்ந்து "நீங்கள்" என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் வரமாட்டேன் என்கிறது. "நீங்கள் மௌனத்தின்" என்று எழுதினேன். மௌனத்தின் என்ன? சிகரமா? கடலா? தலையில் அடித்துக்கொண்டேன். "சொல்லாமல் போன சொல்" என்று ஒன்று எழுதினேன். பாட்டு மாதிரி இருந்தது, அக்கா மாதிரி இல்லை. அக்கா படித்தால், "இது யாரு வீட்டுக் கதை?" என்பார்.

"நாலு வரிதானே, இதுக்குப் போயி ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டிருக்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

கத்திவிட்டேன். "நாலு வரிதானேன்னு இன்னொரு தரம் சொன்னா நீங்களே உக்காந்து எழுதுங்க!" அவர் பாவம், சட்டையை மாட்டிக்கொண்டு ரொட்டி சானாய் புங்குஸ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டுவரப் போய்விட்டார். அந்த மேசையின் மேல் தலையை வைத்து அழுதேன். கதை வராவிட்டால் போகட்டும், கதை ஒரு ஆடம்பரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு பொம்பளை வந்து, பொய் இல்லாமல் நாலு வரி கேட்கிறாள். அதைக்கூடக் கொடுக்க முடியாதவளுக்கு எழுத்தாளர் என்று என்ன பெயர் வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கடையின் பின்பக்கக் குழாயிலிருந்து திணறித் திணறி நடந்து வந்தார். தண்ணீர் தளும்பிப் புடவையெல்லாம் ஈரம். ஓடிப்போய் ஒரு கை கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் இருந்த வரைக்கும் அந்த வாளியை அக்கா தூக்கி நான் பார்த்ததே இல்லை. நான் பஸ் இறங்கி வருகிற நேரத்தில் அந்த அண்ணன்தான் மேசையை விரித்து, குடையை நட்டு, வாளிகளை நிரப்பி வரிசையாக வைத்துக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்ததும் கையைக் கைலியில் துடைத்துவிட்டுக் கோப்பிக் கடைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் அக்கா வருவார். எத்தனையோ வருஷம் தினமும் கண்ணால் பார்த்த காட்சி. பார்த்தேன், அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்ததில்லை.

மாடிக்கு ஏறி, கணக்கையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, கைப்பேசியில் எழுதினேன்.

"காலையில் கடையைத் திறந்து, வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவீர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்."

அவ்வளவுதான். நாலு வரிகூட இல்லை. எதுகை இல்லை, மோனை இல்லை, சிகரம் இல்லை. ஆனால் அதை எழுதி முடித்து மறுபடி படித்துப் பார்த்தேன், அழிக்கத் தோன்றவில்லை. எத்தனை காலத்துக்குப் பிறகு! முதலாளி வந்து நின்றது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து மேசைப் பெண் பிறகு கேலி செய்தாள். அன்றைக்குள் விளம்பரம் போய்ச் சேர வேண்டும் என்பதால், அக்காவிடம் காட்டாமலே அச்சுக்கடைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். பத்திரிகையில் பார்க்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அஞ்சலி வர வேண்டிய நாளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பத்திரிகையை வாங்கி அங்கேயே பிரித்தேன். அரைப் பக்கம். அண்ணனின் படம், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சிரிக்காமல். படத்தின் கீழே நல்ல பெரிய எழுத்தில்:

"உங்கள் கணீர்க் குரல் கேட்காத வீட்டில் கண்ணீர் மட்டுமே பேசுகிறது."

அடியில் அக்காவின் பெயர்.

நான் நேரே அச்சுக்கடைக்குப் போய்ப் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைப் பணமாற்றுக்காரர் எழுந்து வந்துவிட்டார். தம்பி அரண்டுபோனான்.

"அக்கா, அக்கா, கத்தாதீங்க. நீங்க அனுப்பினது கவிதை மாதிரியே இல்லலா. யாரோ கோவத்துல வாட்ஸாப் அனுப்புன மாதிரி இருந்துச்சி. தப்பா அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கல. சரின்னு அவங்க மவனுக்கே அடிச்சிக் கேட்டேன். அவரு, வழக்கமா போடுறதையே போட்டுருங்கன்னாரு. உங்களோடதுலயே நல்லதாப் பாத்துத்தான் எடுத்துப் போட்டேன்!"

கைப்பேசியைப் பார்த்தேன். அவன் கூப்பிட்டதற்கான அடையாளம் இருந்தது. அந்த நேரம் நான் முதலாளியிடம் கணக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரைக் குறை சொல்ல? அவன் எனக்கு உதவி செய்திருக்கிறான். மகன் அப்பாவுக்கு மரியாதை செய்திருக்கிறான். எழுத்தும் என்னுடையதுதான், திருட்டுக்கூட இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் வருகிற கோபம் இருக்கிறதே, அது ரொம்ப மோசம். அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

பூக்கடைக்குப் போகக் கால் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வேறு வழியில்லாமல் இறங்கிப் போனேன். அக்காவின் மேசைமேல் பத்திரிகை கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். லேசான சிரிப்பு இல்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"வாம்மா வா! காலையிலேந்து எல்லாரும் வந்து துக்கம் கேட்டுட்டுப் போறாங்க. கோப்பிக் கடைக்காரரு சொல்றாரு, 'ஆமாக்கா, அண்ணன் கொரலு கேக்காம எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு'ன்னு. அவருக்கு இருக்கும்லா! அவரு கேட்டிருக்காருல்ல!"

"அக்கா, மன்னிச்சிருங்க. நான் எழுதினது இது இல்ல. சத்தியமா இது இல்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்தார். "அப்ப நீ என்னா எழுதின? சொல்லு."

கைப்பேசியை எடுத்துப் படித்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போகட்டும் என்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது.

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். நார்க்கண்டை மடியில் வைத்தார். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்று தலையாட்டிவிட்டு, "ஆனா இதுவும் பொய்தான் தங்கச்சி" என்றார்.

"எதுக்கா பொய்?"

"உன் மேல தப்பில்ல. நான்தான் உனக்கு முழுசா சொல்லல." ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவருக்கு மல்லிகை அளந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். "மவ கல்யாணத்துல, மண்டபத்துல, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அம்புட்டு பேரும் இருக்காங்க. இவரு போயி சமையக்காரன்கிட்ட ஏதோ சத்தம் போட்டுக்கிட்டிருந்தாரு. சாம்பார் பத்தலன்னு. எனக்கு இருந்த டென்ஷன்ல, 'உங்களுக்கு என்னா தெரியும், வாய மூடிக்கிட்டு ஒரு ஓரமா உக்காருங்க'ன்னுட்டேன். மைக்குப் பக்கத்துல நின்னிருக்கேன், பாத்துக்கோ. மண்டபம் பூரா கேட்டிருச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள்ளைகூட சிரிச்சாரு."

அக்கா நார்க்கண்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"போயி ஓரமா உக்காந்தாரு. வாய மூடுனாரு. அதோட தொறக்கவே இல்ல."

"நீங்க மன்னிப்புக் கேக்கலயாக்கா?"

"மொத வாரம் வீம்பு. எத்தன நாளைக்குன்னு பாப்போம்னு இருந்தேன். அப்புறம் கேக்கலாம்னு தோணும்போது ரொம்ப நாளாயிருச்சி. அப்புறம் எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. பேசலாம்னு வாயெடுத்தா ஒன்னும் வராது. வாளிய வச்சிட்டு ஒரு நிமிஷம் நிப்பாருன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்லுவாங்க. நான் வேணும்னே லேட்டா வருவேன்."

பேசலாம் என்று வாயெடுத்தால் ஒன்றும் வராது என்றார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? என் கையில் இருந்ததெல்லாம் பிந்திப்போன இரண்டு வரி, அதிலும் பாதி தப்பு. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் சமையலறை மேடையில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு நின்றபடியே எழுத ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "வந்துச்சா?" என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டார். சோற்றை அவரே வைத்தார், குழைந்துபோயிருந்தது.

வந்துவிட்டது, கொட்டித் தீர்த்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தை எழுதினால் அக்கா கெட்டவளாகிவிடுவார். வாளியை எழுதினால் அண்ணன் தியாகியாகிவிடுவார். இரண்டு பேரையும் ஒரே அஞ்சடியில் நிறுத்தி வைக்கத் தெரியாமல் தவித்தேன். எழுதியதைக் கிழிக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை. ஆனால் முன்பு இருந்த தவிப்பு வேறு, இது வேறு. முன்பு கையில் ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு மனிதர்கள் என் எதிரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போக முடியவில்லை. பல வாரம் இழுத்தது. ஒரு வழியாக முடித்தபோது அது நன்றாக இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சிறுகதையா, கட்டுரையா என்றும் தெரியவில்லை.

இந்த முறை காட்டாமல் அனுப்ப மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். வியாபாரம் மந்தமான ஒரு மத்தியானம், அக்காவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. மண்டபம் வந்த இடத்தில் மட்டும் நாரை ரொம்ப அழுத்தி இழுத்தார், அறுந்துவிட்டது. வேறு நார் எடுத்துக்கொண்டார்.

முடித்ததும், "பேரு ஒன்னும் வரலயே?" என்று கேட்டார்.

"யாரு பேரும் வரலக்கா."

"அப்ப போடு."

"புள்ளைங்க படிச்சா?"

"படிக்கட்டும். அவங்களுக்கும் தெரியணும்ல." பூவை வைத்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஞாயித்துக்கிழம பேப்பர் வந்தா, அவரு மொதல்ல கதைப் பக்கத்ததான் பிரிப்பாரு. உன் கதை வந்திருந்தா, அந்தப் பக்கத்த வெளியில தெரியிற மாதிரி மடிச்சி இந்த மேசை மேல வச்சிட்டுப் போவாரு. நான் படிக்கணும்னு."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "என் கதையையா?"

"உன் கதையத்தான். துணிக்கடையில வேல செய்யிற புள்ளன்னு அவருக்குத் தெரியும்ல. நான் படிச்சிட்டுத் திரும்பவும் அதே மாதிரி மடிச்சி வைப்பேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டுப் போவாரு. ஒரு தரம் ஏதோ ஒரு கதையில, அந்தப் புருஷன்காரன் பொண்டாட்டிக்கு மீனு வாங்கிட்டு வருவானே, அதப் படிச்சிட்டு நான் ஓரத்துல பேனாவால, 'நல்லா இருக்கு'ன்னு எழுதி வச்சேன். அடுத்த நாளு வீட்டுல மீனு இருந்துச்சி."

நாரைப் பல்லில் கடித்து அறுத்தார்.

"அப்புறம் உன் கதை வர்றது நின்னு போச்சி. வேற யாரு கதையையும் அவரு மடிச்சி வைக்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாப்பேன். பேப்பர் சும்மாதான் கெடக்கும்."

குறை சொல்கிற குரல் இல்லை அது. பூ விலை ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் எழுதாமல் இருந்த வருஷங்களை என் சொந்தக் கஷ்டம் என்றே நினைத்திருந்தேன். அதற்காக அழுததும், கத்தியதும், என்னை நானே தேற்றிக்கொண்டதும் எல்லாம் எனக்காகத்தான்.

அக்கா கட்டி முடித்த பூவை இலையில் சுற்றி நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, அந்தக் கதையை ஞாயிறு பதிப்பு ஆசிரியருக்கு அனுப்பினேன். அனுப்பிய கையோடு, அடுத்ததை ஆரம்பித்தேன்.